மகளின் சைக்கிள் விளக்கு

சைக்கிள் விளக்கு ஆண்களின் காரியம் என்று இந்தப் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். மஃரிபுக்குப் பிறகு வகுப்பு முடிந்து பெண்பிள்ளை வரும்வரை வாசலில் நிற்பவள் உம்மாதானே?

எங்கள் ஊர் முல்லைத்தீவு நீராவிப்பிட்டி. 1990இல் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் வளர்ந்து, போர் முடிந்தபின் திரும்பி வந்தவள் நான். போன மாரியில் ஒருநாள் முள்ளியவளையிலிருந்து வந்த என் மகள், நடுரோட்டில் படுத்திருந்த கறுத்த மாட்டில் மோதி விழுந்தாள். முழங்கை பிசகிவிட்டது. சைக்கிளில் விளக்கு இல்லாமல் இல்லை. பழைய டோர்ச்சுகளில் கழற்றிய ஒன்பது சின்ன எல்.ஈ.டி.களை டைனமோவில் கட்டிக் கொடுத்தவள் நானேதான். முதல் கிழமை கண்ணைப் பறித்தது. மூன்றாம் மாதம் மின்மினிப்பூச்சி.

அடுத்த வீட்டு மாஸ்டரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் பற்றரி கிடைக்காத வன்னியில், சைக்கிளைக் கவிழ்த்துவைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோ மின்சாரத்தில் றேடியோ கேட்டவர் அவர். பார்த்ததும் சிரித்தார். "தங்கச்சி, டைனமோ தாறது அரை அம்பியர். ஒன்பதுக்கும் பிரிச்சால் ஒன்றுக்கு ஐம்பத்தைந்து மில்லி அம்பியர். இது தாங்கிறது இருபதுதான். எரிஞ்சு கருகாமல் என்ன செய்யும்?"

எனக்கு வெட்கமாகப் போயிற்று. எத்தனை எல்.ஈ.டி. என்று எண்ணினேனே தவிர, எது எவ்வளவு தாங்கும் என்று கேட்கவில்லை.

பழைய இழை பல்பு ஒரு வாட்டுக்குப் பத்துப் பதினைந்து லூமன் வெளிச்சம்தான் தரும், மிச்சமெல்லாம் சூடு. நல்ல வெள்ளை எல்.ஈ.டி. நூறுக்கு மேல் தருகிறது. உள்ளே இருப்பது நீல ஒளிதான். மேலே பூசிய மஞ்சள் பொடி அதை வெள்ளையாக்குகிறது. அந்த நீல ஒளிக்காகத்தான் 2014இல் அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே இம்முறை இரண்டே இரண்டு வாங்கினோம், மூன்று வாட் தாங்கக்கூடியவை. ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால் அரை அம்பியரில் ஒவ்வொன்றும் ஒன்றரை வாட் அளவுதான் எடுக்கும். ஆறு வோல்ட், மூன்று வாட் டைனமோவுக்கு அளவான சுமை. தாங்குவதில் பாதியளவே ஓடுவதால் சூடும் குறைவு, வெளிச்சமும் வீணாகாது. டைனமோவின் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி மாறி ஓடுவது; அதை ஒரு பக்கமாக்கப் பழைய நாலு டயோடுகளே போதும். முதுகில் ஒரு அலுமினியத் துண்டு கட்டாயம். சூடேறினால் வெளிச்சம் குறையும், ஆயுளும் குறையும்.

நிறத்தில் நானும் மாஸ்டரும் வாதாடினோம். பெட்டியில் 6500 கெல்வின் என்று போட்ட நீல வெள்ளைதான் கணக்கில் கொஞ்சம் கூடுதல் லூமன். நான் 4000 கெல்வினையே பிடித்துக்கொண்டேன். எங்கள் செம்மண் ஒழுங்கையில் பள்ளமும் மாடும் அதில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிகின்றன. ஓட்டிப் பார்த்த பிறகு மாஸ்டரும் ஒப்புக்கொண்டார்.

ஒரு குறை இருக்கிறது. சைக்கிள் நின்றால் விளக்கும் அணைந்துவிடும். பின்னால் வருகிறவன் இருட்டில் என்ன கண்டான்? அதனால் பின்மட்காட்டில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஒன்றைப் பூட்டியிருக்கிறேன். மகளுக்கு அது பிடிக்கவில்லை, வடிவில்லையாம். இருக்கட்டும். சந்தியில் அவள் திரும்பும்போதே இப்போது எனக்குத் தெரிகிறது. கேத்தலை அடுப்பில் வைத்துவிடுகிறேன்.