காக்கையின் நீல உறவு

காக்கை என்றதும் கருநிறமே நம் மனக்கண்முன் தோன்றும். சனிக்கிழமைகளிற் சோறு வைத்து நாம் கூவியழைக்கும் அப்பறவைக்கு மயிலுக்கு நிகரான எழிலுடைய உறவினம் ஒன்று நம் இலங்கையிலேயே உண்டு என்பதைப் பலர் அறியார். சிங்கள மக்கள் அதனைக் 'கெஹிபெல்லா' என்பர். ஆங்கிலேயர் தம் நாட்டு 'ஜே' என்னும் பறவையின் பெயரால் முன்னர் அதனைக் குறித்தனர். நாம் நீலக் காக்கை என்று கூறின் பொருந்தும். உடல் நீலம், தலையும் கழுத்தும் செம்பழுப்பு, அலகும் கால்களும் பவளச் சிவப்பு, நீண்ட வாலிறகுகளின் நுனி வெண்மை. உலகில் வேறெந்த நாட்டிலும் இப்பறவை இயற்கையாக வாழ்வதில்லை.

சிங்கராஜ வனத்திலும் மலைநாட்டின் ஈரக்காடுகளிலும் இவை சிறு கூட்டங்களாகத் திரிந்து, பூச்சி, தவளை, பல்லி, பழம் ஆகியவற்றை உண்ணும். குஞ்சுகளுக்கு இரையூட்டுவதிற் பெற்றோர்க்குக் கூட்டத்தின் பிற பறவைகளும் துணைசெய்யும். ஆயினும் ஒரு குறை. இவற்றின் சிறகுகள் குறுகியவை. அடர்ந்த காட்டினுள் மரத்துக்கு மரம் செல்லுதற்கு ஏற்றவை. நெடுந்தூரம் பறத்தற்கு ஏற்றவையல்ல. காடு துண்டுபட்டால் இவற்றின் வாழ்வும் துண்டுபடும்.

அவ்வாறே நிகழ்ந்தது. 19ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காக மலைக்காடுகள் வெட்டப்பட்டன. 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பி அழியவே, 1867இல் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் ரெயிலர் நாட்டிய தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. இன்று தேயிலைக் கடலின் நடுவே சிறு தீவுகளாகப் பல காடுகள் நிற்கின்றன.

இவற்றை மலைநாட்டுக் கல்லூரியொன்றில் நான் கூறியபோது, தோட்டத் தொழிலாளி ஒருவரின் மகன் எழுந்து, "அந்தக் காட்டை வெட்டியவர்கள் எங்கள் பாட்டன்மார்தானே, சேர்?" என்றான். வகுப்பு அமைதியாயிற்று.

"ஆம், கோடரி அவர்கள் கையில் இருந்தது, காணியோ பிறர் கையில் இருந்தது" என்றேன். "பசியாலும் நோயாலும் அவர்களுட் பலர் அம்மலைகளிலேயே மாண்டனர். வெட்டிய நிலத்தில் ஒரு பிடி மண்ணும் அவர்களுக்கு உரிமையாகவில்லை. ஆதலால் அப்பழியை நீ சுமக்க வேண்டா. எஞ்சிய காட்டைக் காக்கும் கடமை மட்டும் உனக்கும் எனக்கும் உண்டு."

அவன் சிறிது சிந்தித்தபின், "அதைப் பார்க்க எங்கே போக வேண்டும், சேர்?" என்று கேட்டான். அக்கேள்வியே எனக்கு நிறைவளித்தது. கண்டறியாத ஒன்றின்மேல் எவர்க்கும் அன்பு பிறவாதன்றோ!

அழியும் ஆபத்துக்கு உள்ளான உயிர்களின் உலகப் பட்டியலில் இப்பறவையும் இடம்பெற்றுவிட்டது. காக்கை நம் முற்றத்துச் சோற்றை உண்டு பெருகும். இதுவோ காட்டையே நம்பியிருப்பது. நம் ஆறுகள் பல ஊற்றெடுப்பதும் அம்மலைக்காடுகளிலேதான். ஆதலின் அவற்றைக் காத்தல் பறவைக்குச் செய்யும் தருமம் மட்டுமன்று. நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துச்செல்லும் தண்ணீருமாகும்.