நூல் பிடித்த தூரம் (பயணத் தொடர் – 4)

ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோ எவ்வளவு தூரம் என்று பூகோளத்தைக் கேட்டால் பதில் வந்துவிடும். உருண்டையின் மேல் நூல் பிடித்து அளந்தால் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். எவ்வளவு நேரம் என்று கேட்டால்தான் சிக்கல். அதற்கு அரசியலைத்தான் கேட்க வேண்டும் என்பது என் கட்சி. 2022 தொடக்கம் வரை இந்தப் பயணத்துக்கு ஒன்பதரை மணி நேரம் போதுமாக இருந்தது. அதன் பிறகு 13 மணி நேரம் ஆகிறது. ஊர்கள் இருந்த இடத்தில்தான் இருக்கின்றன, பறப்பதும் அதே ஏர்பஸ் ஏ350தான். அந்தப் பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையோடு புகுந்தது. ஐரோப்பிய ஒன்றியம் ரஷ்ய விமானங்களுக்குத் தன் வானை மூடியது. ரஷ்யாவும் பதிலுக்கு மூடியது. சுவரில் மாட்டிய வரைபடத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போடுகிறவருக்கு இதன் கனம் புரியாது. உருண்டையில் வைத்த நூலோ வடக்கே வளைந்து, ஆர்க்டிக் வட்டத்தை எட்டிப் பார்த்துவிட்டு, சைபீரியாவின் குறுக்கே ஜப்பானுக்கு இறங்குகிறது. வழியில் பெரும்பகுதி ஒரே நாட்டின் தலைக்கு மேல். அந்த நாடு கதவைச் சாத்தினால் ஒன்று வட துருவத்தைத் தாண்டி அலாஸ்கா பக்கமாகப் பேரிங் நீரிணை வழியே வர வேண்டும். இல்லையேல் தெற்கே கஜகஸ்தான், சீனா என்று சுற்ற வேண்டும். துருவத்தைக் கடந்த பயணிகளுக்கு ஃபின்லாந்தின் விமான நிறுவனமான ஃபின்ஏர் ஒரு சான்றிதழ் கொடுத்தது. சுற்றி வந்ததற்குச் சான்றிதழ்!

காற்றை மறந்துவிட்டாயே என்பார்கள். மறக்கவில்லை. ஜப்பானுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் ஜெட் காற்று போகும்போது முதுகில் தள்ளும், திரும்பும்போது முகத்தில் அடிக்கும். ஆனால் இரண்டு வழிகளில் இன்றைக்கு எது தோது என்பது வரைதான் காற்றின் பேச்சு எடுபடும். சுற்றித்தான் ஆக வேண்டும் என்று சொன்னது காற்றல்ல. சந்தேகம் இருந்தால் சீன விமானங்களைப் பாருங்கள். தடை தங்கள் மேல் இல்லாததால் அவை ரஷ்ய வானில் பறந்தே ஐரோப்பாவுக்கு வந்து போகின்றன. காற்று எல்லோருக்கும் ஒன்றுதான்.

இது தற்காலிகச் சங்கடம், பழைய நேரம்தான் இயல்பு என்பது இன்னொரு வாதம். எனக்கு அதுவும் ஒப்பவில்லை. 1983-இல் ஃபின்ஏர் டிசி-10 விமானத்தைக் கொண்டு ஹெல்சிங்கி–டோக்கியோ இடைநிற்காத சேவையைத் தொடங்கியபோதும் சோவியத் வானைத் தவிர்த்துத் துருவம் வழியாகத்தான் பறந்தது. அப்போதும் 13 மணி நேரம்தான். அந்தக் காலத்தில் ஐரோப்பாவிலிருந்து ஜப்பான் போன பல விமானங்கள் அலாஸ்காவின் ஆங்கரேஜில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. பின்னால் கிடைத்த ஒன்பதரை மணி நேரமும் மாஸ்கோ அனுமதி கொடுத்து, சைபீரியாவைக் கடக்கக் கட்டணமும் வாங்கிக்கொண்டதால் கிடைத்ததே.

பயணச்சீட்டைப் பார்த்தால் இதெல்லாம் தெரியாது. குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் 7 மணி நேர வித்தியாசம்; மாலை 6 மணிக்கு ஹெல்சிங்கியில் கிளம்பினால் மறுநாள் பிற்பகல் 2 மணிக்கு டோக்கியோ என்றுதான் அதில் அச்சாகியிருக்கும்.