எல்லோரும் கிளம்பக்கூடிய ஒரு வீக் எண்ட்: தரங்கம்பாடிக்குப் போகலாமா?

எல்லா நண்பர்கள் குழுவிலும் ஒருவர் இருப்பார். ட்ரிப் பேச்சு ஆரம்பித்ததும் முதல் ஆளாகச் சந்தோஷப்படுவார். ரிசார்ட் வாடகையும் கார் வாடகையும் வாட்ஸ்அப் குரூப்பில் வந்து விழுந்ததும் அமைதியாகிவிடுவார். கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு, ‘வீட்ல ஒரு விசேஷம்டா, நீங்க போயிட்டு வாங்க’ என்று மெசேஜ் வரும்.

விசேஷமெல்லாம் ஒன்றும் இருக்காது. கல்விக் கடன் தவணையோ, தங்கையின் காலேஜ் ஃபீஸோ இருக்கும். இரண்டு முறை இப்படி நடந்தால், மூன்றாவது முறை அவரைக் கூப்பிடவே எல்லோரும் தயங்குவார்கள். நட்பு அப்படித்தான் சத்தமில்லாமல் விட்டுப்போகிறது.

அவரும் தயங்காமல் கிளம்புகிற மாதிரி ஒரு வீக் எண்டுக்கு ஏற்ற ஊர், மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கும் தரங்கம்பாடி.

எப்படிப் போவது?

சென்னையிலிருந்து மயிலாடுதுறைக்கு ரயிலில் சுமார் 280 கிலோமீட்டர். வெள்ளிக்கிழமை இரவு எழும்பூரில் ஏறினால், விடிவதற்குள் இறங்கிவிடலாம். முன்பதிவு 60 நாள்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அப்போதே ஸ்லீப்பர் டிக்கெட் எடுத்துவிட்டால் தட்கல் கட்டணம் மிச்சம். ஓர் இரவு அறை வாடகையும் மிச்சம். மயிலாடுதுறையிலிருந்து பொறையார் வழியாக பஸ்ஸில் சுமார் 30 கிலோமீட்டர்.

நடந்தே பார்க்கலாம்!

1792-ல் கட்டப்பட்ட நகர வாயிலைத் தாண்டினால், தெரு நேராகக் கடலை நோக்கிப் போகிறது. போகும் வழியிலேயே 1701-ல் கட்டப்பட்ட சீயோன் ஆலயமும், 1718-ல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் இருக்கின்றன. தெரு முடிகிற இடத்தில் டேனிஷ் கோட்டை. தஞ்சை மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி, 1620-ல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கியது. 1845-ல் ஊரையே ஆங்கிலேயர்களிடம் விற்றுவிட்டுப் போனார்கள்.

கோட்டைக்குள் மியூசியம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதான் விடுமுறை என்பதால் வீக் எண்டுக்குச் சிக்கல் இல்லை. பக்கத்திலேயே கடல் அரிப்பில் ஒரு பகுதியை இழந்த பழைமையான மாசிலாமணிநாதர் கோயில். மாலையில் கடற்கரையில் உட்கார்ந்து மனம்விட்டுப் பேச டிக்கெட் கிடையாது. கடலில் இறங்குவதாக இருந்தால் மட்டும், உள்ளூர் மீனவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

அச்சுக்கூடம் சொல்லும் சிக்கனம்

1706-ல் இந்த ஊருக்கு வந்தவர், தமிழ் கற்ற ஜெர்மானியர் சீகன்பால்கு. புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிடத் தொடங்கியபோது ஒரு சிக்கல். ஜெர்மனியிலிருந்து வந்த தமிழ் எழுத்துகள் பெரிதாக இருந்ததால், பேப்பரை நிறைய விழுங்கின. பேப்பருக்கோ தட்டுப்பாடு. அதற்காக வேலையைப் பாதியில் விடவில்லை. எழுத்துகளைச் சிறிதாக வார்த்து, 1715-ல் மீதியையும் அச்சிட்டு முடித்தார்கள்.

ட்ரிப்புக்கும் இதே கணக்குதான். பணம் போதவில்லையென்றால் அறையைச் சிறிதாக்கலாம், காரை விட்டு பஸ்ஸில் ஏறலாம். ஆளைக் குறைக்க வேண்டாம்.

பட்ஜெட்டை யார் முடிவுசெய்வது?

பெரும்பாலும் அதிகம் சம்பாதிப்பவர்தான் முடிவு செய்கிறார். இதைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். ஒவ்வொருவரும் தங்களால் முடிந்த தொகையை, குரூப்பில் போடாமல் ஒரே ஒருவருக்கு மட்டும் தனியாக அனுப்பட்டும். அதில் மிகக் குறைந்த தொகைதான் எல்லோருக்கும் பட்ஜெட். அது யாருடையது என்று யாருக்கும் தெரிய வேண்டாம்.

அடுத்து, பொது உண்டியல். ஐந்து பேர் மாதம் 500 ரூபாய் போட்டால், நான்கு மாதத்தில் 10,000 ரூபாய். ஒரே நாளில் 2,000 ரூபாய் எடுத்துவைக்க முடியாதவருக்கும் மாதம் 500 பெரிய பாரமாக இருக்காது. அறை, சாப்பாடு, பஸ் எல்லாம் இந்த உண்டியலிலிருந்தே போகட்டும். ‘நீ எனக்கு 340 தரணும்’ என்ற பேச்சே எழாது.

கடலைப் பார்த்த மாதிரி அறை வேண்டும் என்றால் வாடகை எகிறும். பக்கத்தில் காரைக்காலில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு, பகலெல்லாம் தரங்கம்பாடியில் இருக்கலாம். தண்ணீர் பாட்டிலை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் குப்பையும் குறையும்.

ஞாயிறு இரவு ரயில் ஏறும்போது உண்டியலில் ஏதாவது மிச்சமிருந்தால் பிரித்துக்கொள்ளாதீர்கள். அப்படியே இருக்கட்டும். அடுத்த ட்ரிப்புக்கு அதுதான் முதல் தவணை!