நாலே கால் ரூபாய் முட்டை

முட்டை நாலே கால் ரூபாய் விற்ற சமயம். நாமக்கல்லில் எங்கள் கடையில் ஒரு டெய்லர் அண்ணன் தினம் ஒரு முட்டை வாங்குவார். கால் ரூபாய் செல்லாமல் போய்விட்டது. "இன்னிக்கு நாலு குடுங்க தம்பி, மிச்சம் கணக்குல இருக்கட்டும்" என்பார் அம்மா. பாக்கி ஒரு ரூபாயாகும் நாலாவது நாள், அஞ்சு. சராசரி பிசகாது.

1962இல் இனோசே, யசுதா, முரகாமி என்ற ஜப்பானியர்கள் எழுதிய சிக்மா-டெல்டா மாடுலேட்டரும் இதேதான். சொல்லத் தெரிந்தது ஒன்று அல்லது பூஜ்யம். பிழையை மட்டும் அடுத்த முறைக்குக் கொண்டுபோகும். ஐஐடி மெட்ராஸ் சாந்தி பவனின் என்பிடெல் வகுப்பை ஹாஸ்டலில் பார்த்தபோது எனக்கு அம்மாவின் நோட்டுதான் தெரிந்தது.

இன்னும் துல்லியம் வேண்டுமென்றால் கிளாக்கை ஏற்றலாம். மின்சாரம் தின்னும். அதனால் இறுதியாண்டு புராஜெக்ட்டில் கிளாக்கை விட்டுவிட்டு மூன்று இன்டக்ரேட்டர் அடுக்கினேன்: பாக்கி, பாக்கியின் பாக்கி, அதற்கும் பாக்கி. சிமுலேஷனில் கொஞ்ச நேரம் ஒழுங்காக ஓடி, பிறகு எகிறியது. அவுட்புட் ஒன்றிலேயே நின்றுவிட்டது. வைவாவுக்கு மூன்று நாள்.

இரண்டு ராத்திரி தூங்கவில்லை. அம்மாவால் வாங்க முடிந்தது நாலோ அஞ்சோதான். பாக்கி மலையாக ஏறினால் ஒரே முட்டைக்குப் பத்தா கேட்க முடியும்? லூப்பின் அவசரத்தைக் குறைக்க வேண்டும். ஒரு பிட்டுக்கு இரைச்சல் பெருக்கம் 1.5ஐத் தாண்டக்கூடாது என்பது லீ விதி. உத்தரவாதமில்லை, அனுபவக் கணக்கு. குறைத்தேன், இன்புட்டையும் சுருக்கினேன். நின்றது. துல்லியத்தில் கொஞ்சம் போனது.

"பாஸா கண்ணு?"

"பாஸ்மா."

"செரி. முட்டை இன்னிக்கு நாலே முக்கால்."

மூணு நாள் அஞ்சு, ஒரு நாள் நாலு.