32 நிமிட இரைச்சலும் ஒரு நூலகமும்

மூடிய அறைக்குள்ளிருந்து தடதடவென்று டிரம்ஸ் சத்தம். மரம் அறுக்கும் மெஷின் மாதிரி கிடார் உறுமுகிறது. யாரோ தொண்டை கிழியக் கத்துகிறார். "என்னடா பாட்டு இது?" என்று அம்மாவோ அப்பாவோ கதவைத் தட்டுவது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்தச் சத்தத்தையே தன் வாழ்க்கையாக எடுத்துக்கொண்டவர் ரைலி கேல்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள டல்லாஸ்காரர். 2008-ல் அங்கே தொடங்கிய 'பவர் ட்ரிப்' இசைக்குழுவின் பாடகர். அந்தக் குழுவின் இரண்டாவது ஆல்பமான 'நைட்மேர் லாஜிக்' 2017 பிப்ரவரியில் வெளிவந்தது. மொத்தமே 8 பாட்டு, சுமார் 32 நிமிடம். குக்கர் வைத்து, சாம்பார் தாளித்து இறக்குவதற்குள் ஆல்பம் முடிந்துவிடும்!

இந்த இசைக்கு 'கிராஸ்ஓவர் த்ராஷ்' என்று பெயர். அதற்குப் பின்னால் ஒரு பழைய பகை இருக்கிறது. 1980-களின் தொடக்கத்தில் மெட்டல் ரசிகர்களுக்கும் பங்க் ரசிகர்களுக்கும் ஆகாது. அவர்களுக்கு நீள முடி, இவர்களுக்கு ஒட்ட வெட்டிய முடி. ஒரே கச்சேரிக்கு இரண்டு கூட்டமும் வந்துவிட்டால் கைகலப்பில் முடிந்ததும் உண்டு. மெட்டலின் கிடார் பலத்தையும் பங்கின் அவசரக் கோபத்தையும் சேர்த்துப் பார்த்தால் என்ன என்று சில குழுக்கள் துணிந்தன. அதே டெக்சாஸின் ஹூஸ்டன் நகரில் 1982-ல் தொடங்கிய 'டி.ஆர்.ஐ.' அவற்றில் முக்கியமானது. 1987-ல் தங்கள் ஆல்பத்துக்கே 'கிராஸ்ஓவர்' என்று பெயர் வைத்தார்கள்.

30 வருடம் கழித்து அந்தப் பழைய பக்குவத்தைக் கையிலெடுத்தது கேலின் கூட்டம். வளவளப்பு இல்லை. கிடார் சுருக்கமாக வெட்டுகிறது. ஆழ்கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலியோடு எழும்புகிறது கேலின் குரல். 'எக்ஸிக்யூஷனர்ஸ் டாக்ஸ்' பாட்டில் வேகம் கொஞ்சம் குறையும். ஆனால், கேட்பவரின் தலை தானாக ஆடும். இன்னொரு பாட்டின் தலைப்புக்கு, 'நாம் இல்லையென்றால் வேறு யார்?' என்று அர்த்தம்.

இந்தக் கச்சேரிகளில் மேடைக்கு முன்னால் இளைஞர்கள் சுழன்று சுழன்று மோதிக்கொள்வார்கள். 'மோஷ் பிட்' என்பார்கள். புதிதாகப் பார்ப்பவருக்கு அடிதடி என்றே தோன்றும். ஆனால், அங்கே எழுதாத சட்டம் ஒன்று உண்டு. யாராவது கீழே விழுந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் அந்த நொடியே கைகொடுத்துத் தூக்கிவிட வேண்டும். விழுந்தவர் யார், என்ன என்று யாரும் கேட்பதில்லை.

2020-ல் கொரோனா வந்து மேடைகளெல்லாம் இருண்டன. அந்த ஆண்டு ஆகஸ்ட் 24-ம் தேதி ரைலி கேல் காலமானார். வயது 34. அவர் மேடையில் பாடிய 'எக்ஸிக்யூஷனர்ஸ் டாக்ஸ்' பதிவு பிறகு கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. அதைக் கேட்க அவர் இல்லை. விருது 'பாடி கவுன்ட்' குழுவுக்குப் போனது. 2020-ல் வந்த அந்தக் குழுவின் ஆல்பத்தில் ஒரு பாட்டுக்குக் குரல் கொடுத்திருந்தவர், இதே கேல்.

மகனை இழந்த குடும்பம், அவர் நினைவாக டல்லாஸில் உள்ள ஒரு தொண்டு அமைப்புக்கு நன்கொடை தரும்படி ரசிகர்களைக் கேட்டுக்கொண்டது. தங்க இடமில்லாமல் நிற்கும் தன்பாலீர்ப்பு, திருநர் இளைஞர்களுக்கு அடைக்கலம் தரும் அமைப்பு அது. அங்கே இருக்கும் நூலகத்துக்கு ரைலி கேலின் பெயரை வைத்தார்கள்.

மேடைக்கு முன்னால் விழுந்தவரைத் தூக்கிவிட்ட அதே கைதான் இங்கேயும் நீண்டிருக்கிறது. தொண்டை கிழியக் கத்தியவரின் பெயரில், சத்தம் போடக் கூடாத ஓர் அறை!

2023 டிசம்பரில் ஆஸ்டின் நகரில் பவர் ட்ரிப் மறுபடி மேடையேறியது. கேல் நின்ற இடத்தில் வேறொருவர் நின்று பாடினார். டல்லாஸில் வீடில்லாத ஒரு பிள்ளை, அவர் பெயர் தாங்கிய அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டலாம். அந்தப் பிள்ளை இந்த ஆல்பத்தைக் கேட்டிருக்க வேண்டும் என்றுகூட இல்லை.