குரூப்பில் வந்த இ.சி.ஜி.

ஒரு மருத்துவர் 5 ஆண்டுக்கு 30 மணி நேரமாவது தொடர்கல்வி பெற வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ஆம் ஆண்டு நடத்தை விதிகள். ஓட்டல் அரங்கில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் கண்ணசந்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்தால் அதில் ஒரு பங்கு தீர்ந்தது. உண்மையான படிப்பு வேறு இடத்தில் நடக்கிறது என்பது தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும். டியூட்டி அறையில், லிஃப்ட் வருவதற்குள், இரவு படுக்கப் போகுமுன், கையிலுள்ள போனில் நடக்கிறது. பேட்ச் குரூப், துறை குரூப், ஐ.எம்.ஏ. கிளை குரூப் என்று வாட்ஸ்அப்பில் பாதி. டெலிகிராம், யூடியூப், எக்ஸ் தளம் என்று மீதி. வரவேற்பவர்கள் இதை மொத்தமாக வரவேற்கிறார்கள், பயப்படுகிறவர்கள் மொத்தமாகப் பயப்படுகிறார்கள். எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. நோயைக் கண்டுகொள்ளப் பழகுவதற்கு இவ்வளவு நல்ல இடம் எங்கள் தொழிலுக்கு இதற்கு முன் வாய்த்ததில்லை. எந்த மருந்தைக் கொடுப்பது, எதை நிறுத்துவது என்று முடிவு செய்வதற்கு இவ்வளவு மோசமான இடமும் இல்லை. இரண்டும் ஒரே திரையில், ஒரே வேகத்தில், ஒரே கட்டைவிரல் குறியோடு வந்து சேருவதுதான் சிக்கல்.

முதலில் நல்லதைப் பார்ப்போம். நெஞ்சுவலியோடு வந்த நடுத்தர வயதுக்காரரின் இ.சி.ஜி. ஒன்று குரூப்பில் வருகிறது. இளஞ்சிவப்புக் கட்டத்தாள், அதன் மேல் படமெடுத்தவரின் கை நிழல். வி2 முதல் வி5 வரை எஸ்.டி. பகுதி கோட்டுக்குக் கீழே தொடங்கி, சரிவாக மேலேறி, உயரமான, இருபக்கமும் ஒத்த டி அலையில் போய் முடிகிறது. ஏ.வி.ஆரில் லேசான தூக்கல். எஸ்.டி. எலிவேஷன் இருக்கிறதா என்று மட்டும் தேடப் பழகிய கண், 'இல்லை' என்று முடிவுகட்டி, ஆஸ்பிரினும் க்ளோபிடோக்ரலும் ஹெப்பாரினும் கொடுத்துவிட்டு ட்ரோபோனின் வரட்டும் என்று காத்திருக்கும். ஆனால் இது டி வின்டர் அமைப்பு. இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் கொண்டுபோகும் எல்.ஏ.டி. தமனி அடைபட்டிருப்பதன் அடையாளம். காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் தசை செத்துக்கொண்டிருக்கிறது. நெதர்லாந்தின் ராபர்ட் டி வின்டரும் அவருடைய சகாக்களும் 2008-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இதை விவரித்தபோது, முன்சுவர் மாரடைப்பு வந்த 1,532 பேரில் 30 பேரிடம் இதைக் கண்டிருந்தார்கள். நூற்றுக்கு இரண்டு பேர். ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக உட்கார்ந்திருப்பவர் பல வருடங்கள் இதில் ஒன்றைக்கூடப் பார்க்காமலே போகலாம். இருநூறு பேர் உள்ள குரூப்பின் கண்ணில் அது எப்படியும் படும்.

இங்கே பாடம் மனதில் நிற்பதற்குக் காரணம் இரண்டு. சாட்சியம் முழுக்கப் படத்திலேயே இருக்கிறது; பார்க்கிறவர் யாரையும் நம்ப வேண்டியதில்லை, கோட்டைத் தானே அளந்துகொள்ளலாம். இரண்டாவது, விடை வந்து சேருகிறது. சில மணி நேரத்தில் அதே குரூப்பில் ஆஞ்சியோ படம் வந்து, அடைப்பு இருந்ததா இல்லையா என்று காட்டிவிடுகிறது. பாடப்புத்தகத்தில் படமும் விடையும் ஒரே பக்கத்தில் இருக்கும். இங்கே முதலில் தவறாகச் சொல்லி, பிறகு விடையைப் பார்க்கும் இடைவெளி கிடைக்கிறது. கண் பழகுவது அந்த இடைவெளியில்தான். மினியாபொலிஸின் அவசரசிகிச்சை மருத்துவர் ஸ்டீபன் ஸ்மித் 2008 முதல் இணையத்தில் செய்துவருவது இதைத்தான்: இ.சி.ஜி., அதைப் பற்றிய தன் வாசிப்பு, பிறகு ஆஞ்சியோவில் தெரிந்தது. அந்தக் குவியலிலிருந்து அவரும் சகாக்களும் 2018-இல் ஒரு வாதத்தை எழுப்பினார்கள்: தேட வேண்டியது தமனி அடைபட்டிருக்கிறதா என்பதை, எலிவேஷன் அதற்குரிய பல தடயங்களில் ஒன்று மட்டுமே. அமெரிக்க இதயவியல் கல்லூரி 2022-இல் வெளியிட்ட நெஞ்சுவலி வழிகாட்டுதலில் டி வின்டர் அமைப்பு எஸ்.டி. எலிவேஷனுக்குச் சமமானதாக இடம்பெற்றது. கட்டுரைக்கும் வழிகாட்டுதலுக்கும் நடுவே 14 ஆண்டுகள். அந்த இடைக்காலத்தில் போனில் இதைப் பார்த்துப் பழகிய டியூட்டி டாக்டர்கள் உலகமெங்கும் இருந்தார்கள்.

படமும் ஏமாற்றும் என்று ஒருவர் மறுக்கலாம், நியாயமான மறுப்புதான். குரூப்பில் போடப்படுவது அபூர்வமானது, அழகானது, பிடித்துவிட்டோம் என்ற பெருமைக்குரியது. தவறவிட்ட கேஸை யாரும் போடுவதில்லை. சாதாரண இ.சி.ஜி.யையும் போடுவதில்லை. இருபத்தைந்து வயதுக்காரரின் ஆரோக்கியமான இதயத்திலும் எஸ்.டி. கொஞ்சம் தூக்கியிருக்கும், டி அலை உயரமாக இருக்கும். அதை ஆயிரம் முறை பார்த்திராத கண்ணுக்கு எல்லாமே மாரடைப்பாகத் தெரியத் தொடங்கும். நடுராத்திரியில் கேத் லேப் குழுவை வரவழைத்து, தமனி சுத்தமாக இருப்பதைப் பார்த்துத் திரும்பிப் போவது அப்படித்தான். ஆனால் இந்தக் குறைக்கு மருந்து அந்த இடத்திலேயே இருக்கிறது. சாதாரணப் படங்களையும் வேண்டுமென்றே போட வேண்டும், படம் போட்டவர் முடிவையும் போட்டே தீர வேண்டும். அட்மின் நினைத்தால் ஒரு வாரத்தில் வழக்கமாக்கிவிடலாம். சிகிச்சை விஷயத்தில் இருக்கிற குறைக்கு அப்படி ஒரு மருந்து கிடையாது.

ஏன் என்று வைட்டமின் சி கதை காட்டும். அமெரிக்காவின் நார்ஃபோக்கில் தீவிர சிகிச்சை நிபுணராக இருந்த பால் மாரிக், செப்சிஸ் நோயாளிகளுக்கு வைட்டமின் சி, தையமின், ஹைட்ரோகார்ட்டிசோன் மூன்றையும் சேர்த்துக் கொடுத்து, முடிவை 2017-இல் செஸ்ட் இதழில் வெளியிட்டார். மருந்து பெற்ற 47 பேரில் இறந்தவர்கள் 8.5 சதவீதம், அதற்கு முந்தைய மாதங்களில் மருந்தில்லாமல் சிகிச்சை பெற்ற 47 பேரில் 40.4 சதவீதம். செப்சிஸைப் பார்த்து வருந்தாத ஐ.சி.யூ. டாக்டர் உண்டா? அந்த எண்கள் தீயாகப் பரவின. மலிவான மருந்து, கெடுதல் இருக்க முடியாத வைட்டமின், கொடுத்துப் பார்த்தால் என்ன? கொடுத்தவர்களில் சிலரின் நோயாளி பிழைத்தார், அதை அவர்கள் எழுதினார்கள். இறந்தவரைப் பற்றி எழுதும் பழக்கம் எங்களுக்கு இல்லை. 2020-இல் வந்த முறையான சோதனையில் பலன் தெரியவில்லை. 2022-இல் நியூ இங்கிலாந்து ஜர்னலில் வந்த லவிட் சோதனை, வைட்டமின் சி மட்டும் கொடுத்துப் பார்த்தது: 28 நாளில் இறந்தவர்கள் அல்லது உறுப்புச் செயலிழப்பு நீடித்தவர்கள் மருந்து பெற்ற பிரிவில் 44.5 சதவீதம், பெறாத பிரிவில் 38.5 சதவீதம். கெடுதல் இருக்க முடியாது என்ற பேச்சு அதோடு போயிற்று. இ.சி.ஜி.யில் விடை ஒரே நோயாளியிடம் இருக்கிறது. மருந்தின் பலன் எந்த ஒரு நோயாளியிடமும் இல்லை. கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் நூற்றுக்கணக்கில் எண்ணினால்தான் தெரியும். மருந்து கொடுத்தோம், பிழைத்தார் என்பது கண்ணால் பார்த்த சாட்சியம் போலவே இருக்கும், ஆனால் அதில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை.

சரி, எண்ணி முடித்த உண்மையையாவது இந்த ஊடகம் ஒழுங்காகக் கொண்டு சேர்க்கிறதா? 2020 ஜூன் 16 அன்று பிரிட்டனின் ரெகவரி சோதனை, கொரோனா நோயாளிகளுக்கு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டைக் கொடுத்துப் பார்த்த முடிவை அறிவித்தது. தினம் 6 மில்லிகிராம், அதிகபட்சம் 10 நாள். வென்டிலேட்டரில் இருந்தவர்களில் இறப்பு 41.4 சதவீதத்திலிருந்து 29.3 ஆகக் குறைந்தது. ஆக்சிஜன் மட்டும் தேவைப்பட்டவர்களில் 26.2-இலிருந்து 23.3. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களிடம் பலன் இல்லை. இறந்தவர்கள் மருந்து பெற்றோரில் 17.8 சதவீதம், பெறாதோரில் 14 சதவீதம், கெடுதலாக இருக்கலாமோ என்று சந்தேகிக்க வைக்கும் கணக்கு. இந்தக் கடைசி வரிதான் ஃபார்வர்டுகளில் உதிர்ந்தது. 'கொரோனாவுக்கு ஸ்டீராய்டு வேலை செய்கிறது' என்பது ஒரு வரியில் அடங்கும். யாருக்கு, எப்போது, எவ்வளவு நாள் என்பது அடங்காது. 2021-இன் இரண்டாம் அலையில் காய்ச்சல் வந்த இரண்டாம் நாளே, ஆக்சிஜன் அளவு 98 இருக்கும்போதே, வீட்டில் இருந்தவர்களுக்கு ஸ்டீராய்டு எழுதப்பட்டது. கட்டுப்படாத சர்க்கரையும் கண்டபடி கொடுத்த ஸ்டீராய்டும் கறுப்புப் பூஞ்சைக்கு வழிவிட்டதை நாடே பார்த்தது. பழியை முழுக்க ஃபார்வர்டுகள் மேல் போட முடியாது. பயமும் இருந்தது, படுக்கைப் பஞ்சமும் இருந்தது. ஆனால் சரியான ஆராய்ச்சி, சரியான எண்கள், சரியான மருந்து எல்லாம் இருந்தும் போகிற வழியில் நிபந்தனை கழன்று விழுந்தது.

அவசர காலத்தில் ஜர்னலுக்காகக் காத்திருக்க முடியுமா, அதுவும் ஜர்னல்கள் மட்டும் என்ன யோக்கியம் என்று கேட்பார்கள். ரெகவரி தன் முதல் நோயாளியைச் சேர்த்தது 2020 மார்ச் 19 அன்று. மூன்று மாதத்துக்குள் டெக்சாமெத்தசோனுக்கு விடை வந்துவிட்டது. எண்ணத் தொடங்கினால் வேகமாகவும் எண்ண முடியும். ஜர்னல்களின் யோக்கியதை பற்றிய கேள்வி இன்னும் கூர்மையானது, அதற்குச் சரியான எடுத்துக்காட்டும் அதே கோடையில் இருக்கிறது. 2020 மே 22 அன்று லான்செட், கொரோனா நோயாளிகளிடம் ஹைட்ராக்சிகுளோரோகுயின் இறப்பைக் கூட்டுகிறது என்று ஒரு கட்டுரையை வெளியிட்டது. 671 மருத்துவமனைகள், 96,000-க்கு மேற்பட்ட நோயாளிகள், சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் கொடுத்த தரவு. உலகச் சுகாதார நிறுவனம் தன் சோதனையில் அந்த மருந்துக்கான பிரிவை நிறுத்திவைத்தது. கணக்குத் தெரிந்தவர்கள் சில நாட்களிலேயே இணையத்தில் குடையத் தொடங்கினார்கள்: எந்த மருத்துவமனைகள், ஆஸ்திரேலியாவின் எண்கள் ஏன் பொருந்தவில்லை, கண்டங்களுக்கிடையே நோயாளிகள் ஏன் இப்படி ஒரே அச்சாக இருக்கிறார்கள்? நூறு பேருக்கு மேல் கையெழுத்திட்ட திறந்த கடிதம் போனது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. ஜர்னலின் நடுவர்கள் விட்டதை வெளியாட்கள் பிடித்தார்கள் என்பது இந்த ஊடகத்துக்குக் கிடைத்த பெரிய பெருமை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவர்கள் செய்தது என்ன? ஒரு பொய்க்கணக்கைக் கீழே இழுத்தார்கள். மருந்து வேலை செய்கிறதா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை, சொல்லவும் முயலவில்லை. மறுநாள், ஜூன் 5 அன்று, ரெகவரி எண்ணிச் சொன்னது: பலன் இல்லை.

இந்தப் பெருமையில் எங்கள் குரூப்புகளுக்குப் பங்கு கேட்க முடியுமா என்பது சந்தேகம். சர்ஜிஸ்பியர் சிக்கியது திறந்த வெளியில்; கேள்வி கேட்டவர்களுக்கு ஆசிரியர்களோடு உறவும் இல்லை, பயமும் இல்லை. நம் வாட்ஸ்அப் குரூப்பில் இருப்பவர்கள் நமக்குப் பாடம் எடுத்தவர்கள், நாளை கேஸ் அனுப்ப வேண்டியவர்கள், பி.ஜி. தேர்வில் எக்ஸாமினராக வரக்கூடியவர்கள். சீனியர் ஒருவர் புது மருந்தைப் புகழ்ந்து எழுதினால் கீழே வருவது 'நன்றி சார்', 'சூப்பர் சார்', வரிசையாகக் கும்பிட்ட கைகள். 'எத்தனை பேரிடம் சோதித்தார்கள் சார்?' என்று கேட்க ஒரு ஹவுஸ் சர்ஜனுக்கு நாக்கு எழாது. கேட்டாலும் பதில் தனிச்செய்தியில் வரும், அதுவும் அன்பாக வரும் என்று சொல்ல முடியாது. படத்தைப் பற்றிய பேச்சில் இந்தத் தொல்லை குறைவு. கோடு எங்கே இருக்கிறது என்பதில் ஜூனியர் சரியாகச் சொல்லிவிட்டால், ஆஞ்சியோ வந்ததும் சீனியரும் தலையாட்டத்தான் வேண்டும்.

இந்தப் போன்வழிப் படிப்பை அளந்து பார்த்த ஆராய்ச்சிகள் பெரும்பாலும் கதவோடு நின்றுவிடுகின்றன. கட்டுரைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதியை மட்டும் சமூக ஊடகத்தில் பரப்பிப் பார்த்த சோதனைகள் உண்டு. சர்குலேஷன் இதழ் 2015-இல் வெளியிட்ட சோதனையில் வாசகர் எண்ணிக்கை கூடவில்லை. பின்னால் மார்பறுவை நிபுணர்கள் செய்த இன்னொன்றில் மேற்கோள்கள் கூடின. படித்தார்களா, மேற்கோள் காட்டினார்களா என்பதுதான் அளவுகோல். படித்தவரின் வார்டில் ஏதாவது மாறியதா என்பது கணக்கில் வரவில்லை.

திறந்த வெளிதான் தவறைத் திருத்தும் என்றால், எல்லாப் படங்களையும் திறந்த வெளியில் போட்டுவிடலாமா? நோயாளி குறுக்கே நிற்கிறார், நிற்கவும் வேண்டும். அடையாளம் தெரியும்படி நோயாளியின் படத்தையோ கேஸையோ அனுமதியில்லாமல் எந்த இதழிலும் வெளியிடக் கூடாது என்கின்றன 2002 விதிகள். அவை எழுதப்பட்டபோது ஃபேஸ்புக்கும் இல்லை, வாட்ஸ்அப்பும் இல்லை. 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் சமூக ஊடகத்துக்கென்றே தனி நெறிகளோடு புதிய விதிகளை அறிவித்து, அதே மாதம் நிறுத்திவைத்தது. ஆக, நடைமுறையில் அவரவர் மனசாட்சிதான். இ.சி.ஜி.யைப் பொறுத்தவரை வேலை சுலபம்: தாளின் மேல் ஓரத்தில் பெயர், வயது, மருத்துவமனை எண், தேதி அச்சாகியிருக்கும், அதைக் கத்தரித்துவிட்டால் பாடத்துக்கு ஒரு குறையும் இல்லை. எக்ஸ்ரேயும் அப்படியே. கறுப்புப் பூஞ்சை அப்படியல்ல. வீங்கி மூடிய கண், கறுத்த அண்ணம், உணர்ச்சி போன கன்னம், இவற்றைப் படத்தில் பார்த்துத்தான் 2021-இல் பல்மருத்துவர்களும் பொதுமருத்துவர்களும் அந்த நோயை முதல் நாளிலேயே சந்தேகிக்கப் பழகினார்கள். முகத்தை மறைத்தால் பாடம் போய்விடும். சிறிய ஊரில் கண்ணை மட்டும் கறுப்புப் பட்டையால் மறைத்தாலும் ஆள் யாரென்று பக்கத்துத் தெருவுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்ட படத்துக்கு எழுத்தில் சம்மதம் வேண்டும். அட்மிஷன் படிவத்தின் அடியில் ஒரு வரியைச் செருகி வாங்கும் கையெழுத்து அதற்கு உதவாது, ஏனென்றால் மறுத்தால் சிகிச்சை கிடைக்காதோ என்ற கலக்கத்தில் போட்ட கையெழுத்து அது. டிஸ்சார்ஜ் நாளில், தனித்தாளில், எத்தனை டாக்டர்கள் பார்ப்பார்கள், எங்கே பார்ப்பார்கள், ஒருமுறை அனுப்பிய படத்தைத் திரும்பப் பெற முடியாது என்பதையும் தமிழில் சொல்லிக் கேட்கலாம். அதுவரை படம் கேஸ் ஷீட்டோடு இருக்கட்டும்.