72 மணி நேரம்

எங்கம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை பாக்குது. ஒப்பந்த வேலைதான். நான் டி.பார்ம். படிச்சிட்டு ஒரு மெடிக்கல் ஷாப்பில் நிக்கிறேன். கடைச் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருப்பது என் சர்டிபிகேட். கல்லாவில் உட்கார்ந்திருப்பது முதலாளி. எங்க தெருச் சனங்க மருந்து வாங்க வந்தால் மீதிச் சில்லறையைக் கையில் கொடுக்க மாட்டார், மேசையில் வைத்துத் தள்ளிவிடுவார். இதெல்லாம் சேர்ந்ததுதான் நான் பார்க்கிற வேலை.

2022 ஆவணியில் ஒருநாள் ராத்திரி ஒன்பது மணி. கடை சாத்துற நேரம். அம்மா வந்து வாசப்படிக்குக் கீழயே நின்னுச்சு. உள்ள ஏறவே ஏறாது.

"ஏ பாப்பா, வெரல்ல ஒட்டுற பிளாஸ்திரி ஒண்ணு குடு."

"என்னம்மா ஆச்சு?"

"ஊசி குத்திருச்சு. வார்டுல குப்பையள்ளுனேன்ல, மஞ்சப் பைக்குள்ள கெடந்திருக்கு."

"எப்ப?"

"முந்தாநாளு காலையில. ஏழு மணி இருக்கும்."

எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. போட்ட ஊசியைக் குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில்தான் போடணும். 2016ல் வந்த மருத்துவக் கழிவு விதி அப்படித்தான் சொல்லுது. மஞ்சப் பையில் போட்டது யாரு, அந்த ஊசி யாருக்குப் போட்டது, ஒண்ணும் தெரியாது. மேஸ்திரிகிட்ட அம்மா சொல்லியிருக்கு. "கையக் கழுவிட்டு வேலையப் பாரு"ன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அதுக்கு மேல பேசினா வேலைய விட்டு நிறுத்திடுவான்னு அம்மாவுக்குப் பயம்.

நான் விரல் விட்டு எண்ணினேன். அறுபத்திரண்டு மணி நேரம் ஓடிப்போச்சு. எச்.ஐ.வி. உள்ளவருக்குப் போட்ட ஊசி குத்தினால், ஆயிரத்தில் மூன்று பேருக்குத் தொற்றலாம் என்பது கணக்கு. ஆனால் தடுப்பு மாத்திரை இருக்கு. குத்தின ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சா நல்லது. 72 மணி தாண்டிட்டா பிரயோசனமில்லை. ஆரம்பிச்சா 28 நாள் விடாம சாப்பிடணும். இதெல்லாம் எனக்குத் தெரியும். மாத்திரையை எடுத்துக் கொடுக்கத்தான் எனக்கு அதிகாரமில்லை, கடையில் அது இருக்கவும் இல்லை.

அந்த ராத்திரியே பஸ் ஏறி மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போனோம். "ஒப்பந்தக்காரர்கிட்ட லெட்டர் வாங்கியாந்தீங்களா?"ன்னு கேட்டாங்க. 2017ல் போட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. சட்டம், ஆஸ்பத்திரியில் வேலை செய்து இப்படி ஆபத்துக்கு ஆளாகும் எல்லாருக்கும் தடுப்பு மாத்திரை தரணும்னு சொல்லுது. டாக்டருக்கு, நர்ஸுக்கு மட்டும்னு சொல்லல. நான் சத்தம் போட்டேன். வயசான நர்ஸம்மா ஒருத்தங்க எந்திரிச்சு வந்து டாக்டரைக் கூட்டியாந்தாங்க. முதல் மாத்திரையை அம்மா முழுங்கும்போது மணி ஒன்றரை. அறுபத்தாறரை மணி நேரம்.

28 நாளும் சாப்பிட்டுச்சு. குமட்டலோடயே வேலைக்குப் போச்சு. மூன்று மாசம் கழித்து ரத்தம் பார்த்ததில் தொற்று இல்லை.

எங்கம்மாவுக்கு நான் இருந்தேன். கூட வேலை செய்யும் மற்ற பெண்களுக்கு யாரு இருக்கா? சேரிச் சனங்களுக்கு முதல் டாக்டர் மெடிக்கல் ஷாப்தான். அங்கே டோக்கன் இல்லை, சீட்டு இல்லை, ஒருநாள் கூலி போகாது. காய்ச்சலுக்கும் அங்கேதான், வெளியே சொல்ல முடியாத புண்ணுக்கும் அங்கேதான். ஆணுறை கேட்டு வரும் பையன் கடை காலியாகும்வரை எதிர்ச்சாரியில் நிக்கிறான். அவன்கிட்ட "நம்பிக்கை மையத்துல இலவசமா ரத்தம் பாக்கலாம் தம்பி, யாருக்கும் சொல்ல மாட்டாங்க"ன்னு சொல்ல ஒரு நிமிஷம் போதும். அந்த ஒரு நிமிஷத்தை யாரும் மருந்தாளுநரின் வேலையாகக் கருதவில்லை.

வேறு இடத்தில் கருதியிருக்கிறார்கள். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2019ல் ஒரு சட்டம் போட்டார்கள். டாக்டர் சீட்டு இல்லாமலே மருந்தாளுநர் இந்த 28 நாள் மாத்திரையைக் கொடுக்கலாம். தொற்று வராமலிருக்க முன்கூட்டியே சாப்பிடும் மாத்திரையையும் ஒரு கணக்கு வைத்துக் கொடுக்கலாம். இங்கேயும் முதல் வேளை மாத்திரையாவது கடையில் இருக்கட்டும், மீதியை ஏ.ஆர்.டி. மையத்தில் வாங்கிக்கொள்ளட்டும். விரலில் குத்திப் பார்க்கும் சோதனையைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர் செய்யட்டும். இதுதான் நான் கேட்பது.

கேட்கும்போதே எனக்குப் பயமும் இருக்கு. 1986ல் இந்தியாவில் முதன்முதலாக எச்.ஐ.வி. தெரிய வந்தது சென்னையில். டாக்டர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா ரத்தம் சேகரித்தார். பிடித்துக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களின் ரத்தம் அது. "மாட்டேன்" என்று சொல்லும் நிலையில் இல்லாதவர்களின் ரத்தத்தில்தான் இந்த நாட்டில் இந்தத் தொற்று முதலில் தெரிய வந்தது. சில்லறையைத் தள்ளிவிடும் கையில் நாளைக்கு என் தெருக்காரியின் ரிசல்ட்டும் இருந்தால்? அவள் வீடு போய்ச் சேருமுன் ஊருக்கே தெரிந்துவிடாதா? ஆகவே திரை போட்ட ஒரு மூலை வேணும், அவளுடைய சம்மதம் வேணும், வாயைத் திறந்தால் தண்டனை வேணும். எல்லாத்துக்கும் மேல, மேசைக்குப் பின்னால் நிக்கிற ஆள் மாறணும்.

"ஊசி குத்தினால் 72 மணி நேரத்துக்குள் மாவட்ட ஆஸ்பத்திரிக்குப் போங்கள்" என்று அட்டையில் எழுதிக் கடையில் மாட்டினேன். "கடை பேரு கெட்டுப்போகும்"னு முதலாளி கழற்றிட்டார். இப்ப துப்புரவுப் பெண்கள் யார் வந்தாலும் மாத்திரைக் கவரின் பின்னால் எழுதிக் கொடுக்கிறேன். படிக்கத் தெரியாதவங்களுக்கு வாயால சொல்றேன்.

மருந்தியல் படிக்கும் நம்ம பிள்ளைகளுக்கு ஒண்ணு சொல்லணும். மாசம் இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு சர்டிபிகேட்டை வாடகைக்கு விட்டுட்டு வீட்டில் இருக்காதீங்க. சுவரில் உங்க பேர் தொங்கினால் மட்டும் பத்தாது. போய் நில்லுங்க. நம்ம அம்மாக்கள் வாசப்படிக்குக் கீழ வந்து நிக்கும்போது, "எப்ப குத்துச்சு?"ன்னு கேக்க அங்கே ஒரு ஆள் வேணும்.